பர்க்லி வாசகர் வட்டமும் ஒரு தமிழ்ப் பெண்மணியும்

1956ஆம் ஆண்டில் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றியபின் அயல்நாட்டு வல்லுநர் பலர் தமிழகம் போந்தனர். அதே ஆண்டுகளில் தமிழ்க் குடியிற் பிறந்த இளைஞர் சிலர் உயர்கல்வி நாடி மேலைநாடுகட்குச் சென்றனர். வந்தோர் நிறுவிய சுரங்கமும் மின்நிலையமும் கண்முன் நிற்கின்றன. சென்றோர் ஆண்டு எவரோடு கூடினர், எவ்வரசியலை விவாதித்தனர் என்பன மிகுதியும் ஆராயப்பெறவில்லை. அத்தகைய கூட்டம் ஒன்றைப் பற்றிச் சில கூறுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சியாமளா கோபாலன் 1938இல் சென்னையில் பிறந்தவர். துளசேந்திரபுரத்தைப் பூர்விகமாகக் கொண்ட அவர்தம் தந்தையார் பி. வி. கோபாலன், இந்திய அரசுப் பணியில் இருந்தவர். தில்லி லேடி இர்வின் கல்லூரியில் மனையியல் பயின்ற சியாமளா, 1958இல் தம் 19ஆம் வயதில் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பர்க்லி வளாகத்தை அடைந்தார். உணவூட்டவியலும் சுரப்பியியலும் அவர் பயிலச் சென்ற துறைகள். அரசியல் அவற்றுள் ஒன்றன்று.

1960களின் தொடக்கத்தில் அங்குக் கறுப்பின மாணவர் சிலர் ஆப்பிரிக்க அமெரிக்கச் சங்கம் என்னும் வாசகர் வட்டம் ஒன்றை அமைத்தனர். சட்டம் பயின்ற டொனால்ட் வார்டன் அதன் தலைவர். டு பாய்ஸ், கார்ட்டர் உட்சன் முதலியோர் நூல்களைப் படித்து வாதிடுவதே அதன் முதன்மைத் தொழிலாயிருந்தது. நூலைப் படிப்பதற்கெனக் கூடியதொரு கூட்டத்திலிருந்து நாட்டை உலுக்கிய இயக்கங்கள் கிளைத்தன என்பது வியப்பாகத் தோன்றலாம். சங்கங்களின் வரலாறு அறிந்தோர்க்கு அது வியப்பன்று.

இச்சங்கத்தில் வெள்ளையர்க்கு இடமில்லை. அவ்வாறாயின் இந்தியப் பெண்மணி ஒருவர் எங்ஙனம் இடம்பெற்றார் என்னும் வினா எழும். 1923இல் பகத் சிங் திந்து வழக்கில் அமெரிக்க உச்சநீதிமன்றம் இந்தியர் சட்டத்தின் நோக்கில் வெள்ளையர் ஆகார் எனத் தீர்த்து, அவர்க்குக் குடியுரிமையை மறுத்தது. 1946இல் அத்தடை நீங்கிய பின்னரும் ஆண்டொன்றுக்கு 100 இந்தியரே குடியேறலாம் என வரம்பு வகுக்கப்பட்டது. எனவே இந்தியரை எவ்வரிசையில் வைப்பது என்பது அந்நாட்டிற்கே பழைய சிக்கல். சங்கத்தார் அவரைக் காலனி ஆட்சிக்கு உட்பட்டிருந்த மக்களுள் ஒருவராகக் கருதி ஏற்றனர். சட்டம் இழிவுபடுத்த வகுத்த வரிசையை இவர்கள் உறவுக்கு வாயிலாக்கினர் என்றே யான் கருதுகின்றேன். பிறப்பால் உயர்ந்ததெனத் தாயகத்தில் எண்ணப்பட்ட சாதியினின்று சென்ற ஒருவர் அவ்வாயிலின் வழியே உட்புகுந்தார் என்பதும் மறக்கற்பாலதன்று.

1962ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் ஜமைக்காவினின்று பொருளியல் பயில வந்திருந்த டொனால்ட் ஹாரிஸ் மாணவர் கூட்டமொன்றில் உரையாற்றினார். சிறுபான்மையராகிய வெள்ளையர், கறுப்பினத்தவருள்ளேயே ஓர் உயர்குழுவை வளர்த்து, அதனால் ஏற்றத்தாழ்வை மறைத்த நிலையை அவர் விளக்கினார். இந்திய ஆங்கில ஆட்சியின் வரலாறு பயின்ற எவர்க்கும் இக்கருத்துப் புதியதன்று. உரை முடிந்ததும் சியாமளா அவரை அணுகி, மேலும் கேட்க விரும்புவதாகக் கூறினார். இருவரும் 1963இல் மணந்துகொண்டனர். இதனை வெறும் காதற்கதையாகக் கூறிச் செல்வோர் உளர். ஈண்டுக் கருதற்பாலது வேறு: அமெரிக்கத் தேர்தலில் வாக்களிக்கும் உரிமையற்ற அயல்நாட்டு மாணவர் இருவரை அந்நாட்டு அரசியல் விவாதமே ஒன்றுசேர்த்தது.

சங்கம் நெடுநாள் ஒருமித்து நிற்கவில்லை. அதனோடு தொடர்புற்றிருந்த ஹூயி நியூட்டனும் பாபி சீலும் கருத்து வேறுபட்டுப் பிரிந்து, 1966 அக்டோபரில் ஓக்லாந்தில் கருஞ்சிறுத்தைக் கட்சியைத் தொடங்கினர். லாஸ் ஏஞ்சலீசுக் கிளைக்குத் தலைமை தாங்கிய மௌலானா கரெங்கா அவ்வாண்டே குவான்சா விழாவைத் தோற்றுவித்தார். 1964இல் முனைவர் பட்டம் பெற்ற சியாமளா மார்பகப் புற்றுநோய் ஆராய்ச்சியிற் புகுந்தார், 2009இல் மறைந்தார். மணவாழ்வு முறிந்த பின்னரும் சங்கத்து நண்பர் அவரை விட்டகலவில்லை. அவர்களை மாமன்மாராகவும் அத்தைமாராகவும் கொண்டே இரு பெண்மக்களும் வளர்ந்தனர்.

அவருள் மூத்தவரான கமலா ஹாரிஸ் 2020 ஆகஸ்டில் சனநாயகக் கட்சி மாநாட்டில் துணைக் குடியரசுத் தலைவர் வேட்பாளராக உரையாற்றியபோது, தம் குடும்பத்தாரைச் சுட்டுங்கால் 'சித்தி' என்னும் தமிழ்ச் சொல்லை ஆங்கிலத்திற் பெயர்க்காது அப்படியே ஆண்டார். இலக்கியத்தில் சிற்றன்னை எனப்படும் உறவைக் குறிக்கும் அப்பேச்சு வழக்குச் சொல்லின் பொருளை மறுநாள் அமெரிக்கர் பலர் தேடினர். அவ்வுரையில் சித்தியரோடு ஒரே நிரலில் வைத்து எண்ணப்பட்ட மாமன்மாரும் அத்தைமாரும், பலர் குருதி உறவினர் அல்லர்; பர்க்லியில் நூல் படிக்கக் கூடியவர்களே.