செம்பியன் மாதேவி அம்மா கட்டிய கோயில்களைப் பார்த்து வந்தோம்



தஞ்சாவூர் பெரிய கோயிலைக் கட்டியது யார் என்று கேட்டால் நம்ம வீட்டுச் சின்னப் பிள்ளைகூட ராஜராஜ சோழன் என்று சொல்லிவிடும். அந்த ராஜராஜனுக்குப் பெரிய பாட்டி முறையான ஒரு அம்மா, பெரிய கோயிலுக்கு முன்னாடியே ஊர் ஊராகக் கற்கோயில் கட்டியிருக்கிறார். அவர் பெயர் செம்பியன் மாதேவி. இந்த வருஷம் நம்ம குழுக்களில் இருந்து வேன் பிடித்து ஆன்மிகச் சுற்றுலா போனபோது, அவர் கட்டிய கோயில்களையே பார்ப்போம் என்று முடிவு செய்தோம். பார்த்ததையும் தெரிந்துகொண்டதையும் வர முடியாத சகோதரிகளுக்காக எழுதுகிறேன்.

முதலில் அவர் யார் என்று சொல்லிவிடுகிறேன். மழவர் குலத்தில் பிறந்தவர். கண்டராதித்த சோழருக்கு வாழ்க்கைப்பட்டார். கண்டராதித்தர் பெரிய சிவபக்தர். தில்லை நடராஜர் மேல் அவர் பாடிய பதிகம் ஒன்பதாம் திருமுறையில் இருக்கிறது. அவர் 957-ஐ ஒட்டிக் காலமானார். மகன் சின்னப் பிள்ளை. அதனால் கணவரின் தம்பி அரிஞ்சயர், அடுத்து அவர் மகன் சுந்தர சோழர் என்று பட்டம் போனது. அதற்குப் பிறகுதான் செம்பியன் மாதேவியின் மகன் உத்தம சோழருக்கு ஆட்சி வந்தது. 985-ல் ராஜராஜன் பட்டத்துக்கு வந்தபோதும் இந்த அம்மா உயிரோடு இருந்தார். ஐந்து ராஜாக்களின் ஆட்சியைக் கண்ணால் பார்த்த மனுஷி.

அந்தக் காலத்தில் காவிரிக் கரையில் இருந்த கோயில்கள் பலவும் செங்கல் கட்டடம். அப்பரும் சம்பந்தரும் பாடிய கோயிலாக இருந்தாலும் மழையிலும் வெள்ளத்திலும் செங்கல் எத்தனை நாளைக்குத் தாங்கும்? டெல்டாவில் மலை கிடையாது, கல்லை வெளியில் இருந்துதான் கொண்டு வரணும். அந்தக் கஷ்டமான வேலையைத்தான் இந்த அம்மா எடுத்துச் செய்தார். திருநல்லம், தென்குரங்காடுதுறை, திருக்கோடிக்காவல், விருத்தாசலம் என்று பல ஊர்க் கோயில்கள் அவரால் கற்றளி ஆயின.

நாங்கள் முதலில் போனது திருக்கோடிக்காவல். கஞ்சனூர் பக்கத்தில் காவிரியின் வடகரையில் இருக்கிறது. சாமி கும்பிட்டுவிட்டு வெளிச்சுவரைச் சுற்றி வந்தால் சுவர் முழுக்க எழுத்து. பழைய கோயிலைப் பிரித்துக் கல்லால் கட்டும்போது, பழைய கற்களில் இருந்த தானக் கணக்குகளை என்ன செய்வது என்ற கேள்வி வந்திருக்கிறது. யாரோ எப்பவோ கொடுத்த பொன்னும் நிலமும்தானே என்று தூக்கிப் போட்டிருக்கலாம். ஆனால் செம்பியன் மாதேவி அவற்றைப் படி எடுத்து, புதுச் சுவரில் மறுபடி வெட்ட வைத்திருக்கிறார். இது பழைய கல்லில் இருந்து எடுத்த படி என்ற குறிப்பும் சேர்த்தே வெட்டியிருக்கிறார்கள். நோட்டு எழுதும் சகோதரிகளுக்கு இதன் அருமை நல்லாவே புரியும்.

கல்வெட்டில் அப்படி என்ன கணக்கு இருக்கும் என்று கேட்கலாம். விளக்கு தானத்தையே எடுத்துக்குங்க. அணையாமல் எரிகிற ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடு என்பது சோழர் கல்வெட்டுகளில் அடிக்கடி வருகிற கணக்கு. ஆட்டை வாங்கிக்கொள்ளும் இடையர் தினமும் ஒரு உழக்கு நெய் அளக்கணும். ஆடு செத்தாலும் கிழமானாலும் குட்டியைச் சேர்த்து 96-ஐக் குறையாமல் வைத்துக்கணும். அதனால் அதற்கு ‘சாவா மூவாப் பேராடு’ என்று பெயர். இதைக் கேட்டதும் எங்கள் குழு அக்கா ஒருத்தர், “அட, இது நம்ம சுழல் நிதி மாதிரியில்ல இருக்கு!” என்றார். முதலைத் தொடாமல் வருமானத்தில் நடத்துவது ஆயிரம் வருஷத்துப் பழக்கம்.

அடுத்து கோனேரிராஜபுரம். கும்பகோணம் காரைக்கால் ரோட்டில் எஸ்.புதூர் பக்கம் உள்ள கிராமம். இதுதான் பழைய திருநல்லம். உமாமகேஸ்வரர் கோயில். இங்கே இருக்கும் பெரிய நடராஜரைப் பார்த்ததும் யாருக்கும் பேச்சு வரவில்லை. தெற்குச் சுவரில் ஒரு சின்னச் சிற்பம் உண்டு. கண்டராதித்தர் லிங்கத்தை வணங்குகிற மாதிரி. அதன் பக்கத்திலேயே கல்வெட்டு. மகன் உத்தம சோழர் ஆட்சியில், தன் கணவர் கண்டராதித்தர் பெயரால் செம்பியன் மாதேவி இந்தக் கற்கோயிலை எடுப்பித்தார் என்பது செய்தி.

அந்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றோம். கணவரை இழந்த சகோதரிகள் மூன்று பேர் எங்களோடு வந்திருந்தார்கள். ஊரில் சுப காரியம் என்றால் பின்வரிசையில் நிற்கப் பழகியவர்கள். கணவர் போன பிறகுதான் இந்த அம்மா இத்தனையும் செய்தார் என்றதும் அவர்களில் ஒருத்தர் அந்தக் கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கோயில் கணவர் பெயரில். ஆனால் கட்டியது யார் என்பதும் கல்லில் இருக்கிறது. நம்ம வீடுகளில் குழுக் கடன் வாங்கிக் கூரையை மாற்றி ஓடு போட்டவர்கள், கழிப்பறை கட்டியவர்கள் எத்தனை பேர்? பட்டாவும் ரசீதும் வீட்டுக்காரர் பெயரில் இருக்கட்டும், கட்டியது யார் என்று எங்கே எழுதியிருக்கு?

அதே கோயிலில் வேலையை நடத்திக் கட்டிக் கொடுத்தவர் உருவமும் பெயரும் இருக்கிறது. ஆலத்தூரைச் சேர்ந்த சாத்தன் குணபட்டன். அவருக்கு ராஜகேசரி மூவேந்த வேளான் என்று பட்டம் கொடுத்ததும் கல்லில் உண்டு. உழைத்தவர் பெயரை மறக்காமல் போட்டிருக்கிறார்கள்.

கடைசியாக நாகப்பட்டினம் மாவட்டத்தில் அவர் பெயரிலேயே இருக்கும் செம்பியன் மாதேவி கிராமத்துக்குப் போனோம். கைலாசநாதர் கோயில். அவர் பிறந்த கேட்டை நட்சத்திரத்தில் பூஜையும் அன்னதானமும் நடக்க உத்தம சோழரின் ராணிகள், அதாவது அவருடைய மருமகள்கள், தானம் கொடுத்திருக்கிறார்கள். மாமியார் பிறந்தநாளுக்கு மருமகள்கள் சேர்ந்து செலவு செய்திருக்காங்க என்றதும் வேன் முழுக்க ஒரே சிரிப்பு. அமெரிக்காவில் வாஷிங்டன் நகர அருங்காட்சியகம் ஒன்றில் உள்ள ஒரு வெண்கலச் சிலை செம்பியன் மாதேவியின் உருவம்தான் என்று அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். அந்தச் சிலை அங்கே போய்ச் சேர்ந்தது 1929-ல்.

இப்போது நம்ம கதைக்கு வருகிறேன். 1989-ல் தருமபுரி மாவட்டத்தில் சுய உதவிக் குழுக்கள் ஆரம்பித்தபோது இது எத்தனை நாளைக்கு என்று கேட்டவர்கள் உண்டு. இன்றைக்கு நாம் மலர் போடுகிற அளவுக்கு வந்திருக்கிறோம். ஆனால் நம்ம குழுக்களின் முதல் தீர்மான நோட்டுகள் மூட்டையாகக் கட்டி ஓரத்தில் கிடக்கின்றன. பாதியைக் கரையான் தின்றுவிட்டது. எல்லாம் கம்ப்யூட்டரில் ஏறிவிட்டது, பழைய பேப்பருக்குப் போட்டுவிடலாம் என்ற பேச்சும் கூட்டத்தில் வந்தது. கம்ப்யூட்டரில் ஏறியது பாக்கித் தொகைதான். முதல் கூட்டத்துக்கு யார் யார் வந்தார்கள், முதல் கடனை யாருக்கு எதற்குக் கொடுத்தோம், கைநாட்டு வைத்த அக்கா எந்த மாசத்தில் இருந்து கையெழுத்துப் போட்டார் என்பதெல்லாம் அந்த நோட்டில் மட்டும்தான் இருக்கு. அதை எழுதியவர்களில் சிலர் இப்போது உயிரோடும் இல்லை.

அதனால் வரும் பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் கொண்டுவர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒவ்வொரு குழுவும் தன் முதல் நோட்டை எடுத்து, படிக்க முடிகிற பக்கத்தை எல்லாம் புது நோட்டில் பெயரோடு எழுத வேண்டும். மேலே, இது பழைய நோட்டில் இருந்து எடுத்த படி என்று ஒரு வரி போட வேண்டும். எழுதத் தெரிந்த இரண்டு பேர் உட்கார்ந்தால் நாலு மதியத்தில் முடிகிற வேலை. எங்கள் குழு நோட்டை நான் எழுத ஆரம்பித்துவிட்டேன்; பதினோரு பக்கம் முடிந்திருக்கிறது.