13 ஜெயிச்சும் அஞ்சாவது இடம்!

பனின்னா எனக்குத் தெரிஞ்சது ஃப்ரிட்ஜுக்குள்ள உறைஞ்சு கிடக்கிறது மட்டும்தான். அப்படிப்பட்டவன் பனிச்சறுக்கு பத்தி எழுத வந்ததுக்குக் காரணம் ஒரு பழைய பாயிண்ட்ஸ் டேபிள்.

1978-79 உலகக் கோப்பை சீசன். சுவீடனைச் சேர்ந்த இங்கெமார் ஸ்டென்மார்க் ஜெயிச்ச பந்தயங்கள் 13. ஜயண்ட் ஸ்லாலம் நடந்தது மொத்தம் 10, பத்தும் அவருக்கே. சீசன் முடிஞ்சப்போ ஒட்டுமொத்தப் பட்டியல்ல அவர் இடம்? ஐந்து!

'எங்கயோ பக் இருக்கு'ன்னு தோணுச்சு. தோண்டிப் பார்த்தா, பக் இல்லீங்க. டிசைனே அதுதான்.

கொஞ்சம் முன்கதை. சுவீடனின் வடக்கே டேர்னபின்னு ஒரு சின்ன ஊர். அங்க வளர்ந்த பையன், 1974 டிசம்பர்ல, 18 வயசுல, இத்தாலியில முதல் உலகக் கோப்பைப் பந்தயத்தை ஜெயிச்சார். அதிகம் பேசவே மாட்டார். கம்பங்களுக்கு நடுவுல வளைஞ்சு வளைஞ்சு இறங்குற ஸ்லாலம், ஜயண்ட் ஸ்லாலம் ரெண்டுலயும் அவரை அசைக்க ஆளில்லை. நேரா உயிரைக் கையில பிடிச்சிக்கிட்டுப் பாயுற டவுன்ஹில் பக்கம் போகவே மாட்டார். அப்படியே 1976, 77, 78 மூணு வருஷமும் ஒட்டுமொத்தக் கோப்பை அவருக்குத்தான்.

அப்புறம் விதி மாறுச்சு. ஒவ்வொரு பிரிவுலயும் சிறந்த மூணு முடிவுகள் மட்டுமே கணக்கு. ஒரு வெற்றிக்கு 25 புள்ளி. அப்போ ரெண்டு பிரிவு மட்டும் ஓட்டுறவருக்கு அதிகபட்சம் 2 x 3 x 25 = 150. ஸ்டென்மார்க் வாங்கினது சரியா 150! அதுக்கு மேல அவர் ஜெயிச்ச ஏழு பந்தயத்துக்கும் ஒட்டுமொத்தக் கணக்குல மதிப்பு பூஜ்யம். சுவிட்சர்லாந்தின் பீட்டர் லூஷர் 186 புள்ளியோட கோப்பையைத் தூக்கிட்டுப் போனார்.

அவரைக் குறிவெச்ச விதின்னு பலரும் சொன்னாங்க. ஆனா எதிர்த்தரப்பையும் கேக்கணும். ஒட்டுமொத்தக் கோப்பைன்னா எல்லாத்துலயும் இறங்கணும்தானே? லூஷர் திருடலை, இருந்த விதிப்படி நல்லா ஆடினார். எனக்கு உறுத்துறது அது இல்லை. பத்துக்குப் பத்து எடுத்தவனோட கடைசி ஏழு மதிப்பெண்ணை அழிக்கிற கணக்குதான்.

மனுஷன் புலம்பலை. 1979 செப்டம்பர்ல டவுன்ஹில் பயிற்சிக்கே போனார். விழுந்தார், தலையில பலத்த அடி. அஞ்சே மாசத்துல, 1980 பிப்ரவரியில, லேக் பிளாசிட் ஒலிம்பிக்ஸ்ல ரெண்டு தங்கம். ரெண்டுலயும் முதல் சுற்றுல பின்தங்கி, ரெண்டாவது சுற்றுல முந்தினது!

ஆனா ஒட்டுமொத்தக் கோப்பை மட்டும் கைக்கு வரலை. 1980ல லிக்டன்ஸ்டைனின் ஆண்ட்ரியாஸ் வென்சல்கிட்ட வெறும் 4 புள்ளியில போச்சு. 1981ல புள்ளிக்காகவே கிட்ஸ்பூலின் பயங்கரமான டவுன்ஹில்ல இறங்கி, ஜெயிச்சவருக்கு 10 நொடிக்கு மேல பின்னாடி வந்து சேர்ந்தார். அந்த வருஷமும் அமெரிக்காவின் பில் மேர்கிட்ட 6 புள்ளியில தோல்வி. 1984 சரயேவோ ஒலிம்பிக்ஸுக்கு அனுமதியே இல்லை. விளம்பரப் பணத்தை நேரடியா வாங்க வழி செய்யிற 'பி' லைசென்ஸ் வெச்சிருந்தார், அதனால.

1989ல ஓய்வு பெறும்போது அவர் பேர்ல 86 வெற்றிகள். எல்லாமே அந்த ரெண்டு பிரிவுல மட்டும். 34 வருஷம் நின்ன சாதனை அது. 2023 மார்ச்ல, அவரோட சொந்த நாட்டுலயே, ஓரே நகர்ல, அமெரிக்காவின் மிக்கேலா ஷிஃப்ரின் 87வது வெற்றியோட அதைத் தாண்டினாங்க. 'என்னைவிட அவங்க மேல்'னு ஸ்டென்மார்க் ஏற்கனவே வெளிப்படையா சொல்லியிருந்தார்.

சில வருஷம் முன்னாடி எனக்கும் ஒரு அப்ரைசல் நடந்துச்சு. வருஷம் முழுக்க ராத்திரி பகலா முடிச்ச வேலையில பாதி, 'உங்க ரோலுக்கு இவ்வளவுதான் கணக்கு'ன்னு ஒரு ஃபார்முலாவுல காணாமப் போச்சு. ரெண்டு வாரம் யாரோடயும் சரியா பேசலை. அப்பதான் இந்த டேபிள் கண்ணுல பட்டுச்சு.

1979ல கோப்பை வாங்கினது யாருன்னு இன்னைக்கு எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கும்? 86 மட்டும் நின்னுச்சு. அதுல அந்தக் கணக்குல வராத ஏழும் அடக்கம் :-)