மெழுகில் பிறந்த அடைப்பான்

1907-இல் பெர்லினில் மாக்ஸ் நெக்வர் என்ற மருந்தாளுநர் ஒரு சிறு நிறுவனம் தொடங்கினார். மெழுகும் வாஸ்லினும் ஏற்றிய பஞ்சு உருண்டைகள்தான் சரக்கு. பெயர் ஓரோபாக்ஸ். கடல் மோகினிகளின் பாட்டில் மயங்கிவிடாதபடி ஒடிசியஸ் தன் மாலுமிகளின் காதில் மெழுகை அடைத்த கிரேக்கக் கதைதான் அவருக்கு யோசனை கொடுத்தது. முதல் உலகப்போரின் பீரங்கிச் சத்தத்துக்கு அஞ்சிய சிப்பாய்கள் வாங்கினார்கள். அடுத்த அறைப் பேச்சுக்கு அஞ்சிய எழுத்தாளர் காஃப்காவும் வாங்கினார்.

அந்தக் கதையில் நெக்வர் கண்டுகொள்ளாத ஒரு விஷயம் உண்டு. மெழுகு மாலுமிகளுக்கு மட்டும்தான். ஒடிசியஸ் தன் காதைத் திறந்தே வைத்துக்கொண்டு, பாய்மரத்தில் தன்னைக் கட்டச் சொன்னான். பாட்டும் கேட்க வேண்டும், உயிரும் பிழைக்க வேண்டும். இசைக்காரரின் சிக்கலும் இதேதான். அதைத் தீர்க்க இந்தச் சின்ன அடைப்பானுக்கு இன்னும் எண்பது ஆண்டுகள் பிடித்தன.

நடுவில் தொழிற்சாலைக்குப் போய் வந்தது. 1967-இல் அமெரிக்காவின் நேஷனல் ரிசர்ச் கார்ப்பரேஷனில் ராஸ் கார்ட்னர் என்பவர், அமுக்கினால் சுருங்கி மெதுவாக விரியும் ஒரு நுரைப்பொருளைப் பார்த்தார். விரலால் உருட்டிக் காதுக்குள் விட்டால் அது தானாக விரிந்து அடைத்துக்கொள்ளும். 1972-இல் கடைக்கு வந்த அந்த நுரை அடைப்பானைத்தான் இன்றும் ஆலைகளிலும் விமானங்களிலும் பார்க்கிறோம். மலிவு, நல்ல காப்பு. ஆனால் கீச்சுச் சுரங்களை அது மந்திர ஸ்தாயிச் சுரங்களைவிட அதிகமாக வெட்டும். போதாக்குறைக்கு, திறந்த காதுக்குழாய் இயல்பிலேயே 2,700 ஹெர்ட்ஸ் வாக்கில் ஒலியைத் தூக்கிக் கொடுக்கும். குழாயை அடைத்ததும் அந்த உதவியும் போய்விடும். மிச்சம், கம்பளிக்குள்ளிருந்து கேட்கும் கச்சேரி.

இங்கேதான் பேஸ் கிட்டார்காரர்கள் கதைக்குள் வருகிறார்கள். இளையராஜா பாட்டில் மெட்டுக்கு அடியில் தனியாக ஒரு பாட்டுப் பாடிக்கொண்டு போகுமே, அந்த வாத்தியம். அதன் மிகத் தடித்த தந்தி 41 ஹெர்ட்ஸில் அதிரும். நம் காது அந்தச் சுரத்தில் மந்தம். அதனால் சத்தத்தை அளக்கும் மீட்டர்கள் வழக்கமாக வைத்திருக்கும் ‘ஏ’ அளவுகோலில் 40 ஹெர்ட்ஸுக்கு 34 டெசிபலுக்கு மேல் தள்ளுபடி உண்டு. பேஸ்காரருக்கு இதைவிட நல்ல வக்கீல் கிடையாது. “என் சத்தம் மீட்டரிலேயே ஏறாது, அந்த டிரம்மரைக் கேளுங்கள்” என்பார்.

அவர் சொல்வதில் பாதி நியாயம். மேடையில் பேஸ்காரர் பெரும்பாலும் டிரம்ஸின் ஹை-ஹாட் சிம்பல் பக்கம் ஒட்டி நிற்பார். தாளக்கட்டு அங்கேதான் கிடைக்கும், காதுக்கு அடியும் அங்கேதான். பெரும் சத்தத்தால் கெடும் காதில் முதல் பள்ளம் வழக்கமாக 4,000 ஹெர்ட்ஸ் பக்கம் விழுகிறது. பேஸின் அடித்தந்திக்கு அங்கே வேலையில்லை. சிம்பலுக்கு உண்டு.

மறுபாதி அவருக்குக் கசக்கும். உரத்த மந்திர ஒலி தனக்கு மேலே இருக்கும் ஒலிகளை மூடி மறைத்துவிடும். பேஸை ஏற்றினால் கிட்டார்காரருக்குத் தன் வாசிப்பு கேட்காது, அவரும் ஏற்றுவார். தி ஹூ என்ற ராக் குழுவின் வரலாறே இதுதான். கீத் மூனின் டிரம்ஸை மீறித் தன் வாசிப்பு கேட்கவேண்டும் என்று பேஸ்காரர் ஜான் என்ட்விசில் பெரிய மார்ஷல் பெட்டிகளை வாங்கினார். என்ட்விசிலை மீற கிட்டார்காரர் பீட் டவுன்ஷெண்டும் வாங்கினார். 1976-இல் லண்டன் சார்ல்டன் மைதானத்தில் அவர்கள் நடத்திய கச்சேரி, உலகிலேயே அதிகச் சத்தமானது என்று கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. பின்னாளில் இருவர் காதும் கெட்டது. டவுன்ஷெண்ட் மட்டும், பழி ஸ்டுடியோ ஹெட்ஃபோனுக்கு என்கிறார்.

காது கெட்ட இன்னொரு பேஸ்காரர் கேத்தி பெக், சான் ஃபிரான்சிஸ்கோவின் ‘தி கான்ட்ராக்ஷன்ஸ்’ என்ற பெண்கள் குழுவில் பேஸ் வாசித்துப் பாடியவர். 1984-இல் ஓக்லண்டில் டுரான் டுரான் குழுவின் கச்சேரிக்கு முன்நிகழ்ச்சியாக அவர்கள் வாசித்தார்கள். அதன்பிறகு நாள்கணக்கில் அவர் காதில் இரைச்சல் ஓயவில்லை, கேட்கும் திறனும் குறைந்தது. 1988-இல் ஒரு மருத்துவரோடு சேர்ந்து, ராக் இசைக்காரர்களின் காதுக்காக ‘ஹியர்’ என்ற அமைப்பை அவர் தொடங்கினார். தொடக்கப் பணம் தந்தவர்களில் டவுன்ஷெண்டும் ஒருவர்.

அதே 1988-இல் சிகாகோ அருகே எல்க் குரோவ் வில்லேஜில், மீட் கில்லியனின் எட்டிமோட்டிக் ரிசர்ச் நிறுவனம் ஈஆர்-15 என்ற அடைப்பானை வெளியிட்டது. எல்மர் கார்ல்சன் என்ற பொறியாளரின் பழைய யோசனையிலிருந்து வளர்ந்த வடிவம் அது. காதுக்கு அச்செடுத்து வார்த்த மென்மையான உடல், அதற்குள் ஒரு துளை, துளையின் வாயில் மெல்லிய சவ்வு போட்ட ஒரு சின்னப் பொத்தான். துளைக்குள் இருக்கும் காற்றும் சவ்வும் சேர்ந்து, அடைபட்ட காதுக்குழாய் இழந்த அந்த 2,700 ஹெர்ட்ஸ் தூக்கலைத் திருப்பித் தரும். விளைவு, கீழ்ச்சுரமும் மேல்சுரமும் ஏறத்தாழ ஒரே அளவில், 15 டெசிபல் குறையும். ஒலி மங்காமல் தூரம் மட்டும் போகும்.

15 சின்ன எண்ணாகத் தெரியலாம். அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனமான நியாஷின் கணக்கில் 85 டெசிபலில் எட்டு மணி நேரம் இருக்கலாம், ஒவ்வொரு 3 டெசிபல் ஏற்றத்துக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் மிஞ்சுவது 15 நிமிடம், அதாவது மூன்று பாட்டு. காதில் 15 டெசிபல் கழிந்தால் பழையபடி எட்டு மணி நேரம்.

ஆனாலும் பேஸ்காரர்கள் அத்தனை சுலபத்தில் ஒப்புக்கொள்பவர்கள் அல்ல. அடைப்பான் போட்டால் தன் குரலே குடத்துக்குள் பேசுவதுபோல் முழங்குகிறது என்பார் பாடிக்கொண்டே வாசிப்பவர். அதில் உண்மை உண்டு, அச்சு ஆழமாகப் பொருந்தினால் குறையும். டிரம்மர் இருக்கும் பக்கத்துக் காதில் மட்டும் போடுவேன் என்பார் இன்னொருவர். தந்தியின் ஓசை தணிந்து கேட்பதால் விரலைப் பலமாகப் போட்டுக் கொப்புளம் வாங்கிக்கொள்வார் மூன்றாமவர். எனக்குப் பிடித்தது நுரைக் கட்சிதான். நுரை மேல்சுரங்களை வெட்டுகிறது என்பது குறையா? கிட்டார்காரர் காணாமல் போய்விட்டார், பேஸ் துல்லியமாகக் கேட்கிறது, இதற்கு மேல் என்ன மிக்சிங் வேண்டும் என்பது அவர்கள் வாதம். கேட்டால் மறுக்கத் தோன்றவில்லை.

1990-களில் காதுக்குள்ளேயே ஒலிபெருக்கும் இன்-இயர் மானிட்டர்கள் பரவின. வேன் ஹேலன் குழுவின் ஒலிப்பொறியாளர் ஜெரி ஹார்வி டிரம்மர் அலெக்ஸுக்காகச் செய்துகொடுத்தது பெரிய வியாபாரமானது. வெளிச்சத்தத்தை அடைத்துத் தேவையானதை மட்டும் உள்ளே விடும் என்பதால் இதுவும் அடைப்பானின் வாரிசுதான். பேஸ்காரரின் புகார் வேறு: நெஞ்சில் விழும் அந்தக் குத்து எங்கே? அதற்காகவே மேடைப்பலகையின் அடியில் திருகிவைக்கும் அதிர்வுக் கருவிகளும் விற்கின்றன. சத்தமே போடாமல் உள்ளங்காலை மட்டும் உலுக்கும்.

அச்செடுத்த அடைப்பானுக்கும் ஆயுள் உண்டு. காதுக்குழாய் காலப்போக்கில் உருமாறும், வார்ப்புப் பொருளும் தளரும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புது அச்செடுக்கவேண்டும். எப்போது என்று கண்டுபிடிப்பதில்தான் பேஸ்காரருக்குத் தனிச் சிக்கல். தளர்ந்த அடைப்பானின் ஓரத்தில் மயிரிழை இடைவெளி விழுந்தால் முதலில் உள்ளே நுழைவது மந்திர ஒலி. அன்றைக்கு மேடையை விட்டு இறங்கும்போது, இந்த அரங்கத்தில் சவுண்ட் பிரமாதம் என்று அவர் பாராட்டிவிட்டுப் போவார்.