கடுஞ்சொல் பேசிய கவிதா

1974இல் வெளிவந்த கே. பாலசந்தரின் 'அவள் ஒரு தொடர்கதை'யில் சுஜாதா நடித்த கவிதாவை எல்லோருக்கும் பிடித்துவிடாது. குடிகார அண்ணன், விதவைத் தங்கை, பார்வையற்ற தம்பி என அனைவருக்கும் சோறு போடுகிறாள்; சொல்லால் சுடவும் செய்கிறாள். ரித்விக் கட்டக்கின் 'மேகே டாக்கா தாரா' (1960) நீதாவும் குடும்பத்தைச் சுமந்தவள்தான். ஆனால் முணுமுணுக்காமல் சுமந்து, காசநோயில் தேய்ந்தாள்.

ஹட்டன் பகுதித் தோட்டப் பாடசாலையில் நான் படிப்பிக்கும் மாணவிகள், இப்படத்தைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டுக் கவிதாவின் பக்கமே பேசினார்கள். வியப்பில்லை. கொழுந்து பறித்த தாயின் சம்பளம் தகப்பனின் கைக்குப் போன கதை மலையகத்தில் நீண்டது. உழைப்பை வாங்கிக்கொள்ளும் நாம், பெண்ணிடம் பொறுமையையும் கேட்கிறோம். கவிதா முதலாவதைக் கொடுத்தாள், இரண்டாவதை மறுத்தாள்.