இடிமேக மின்னழுத்த அளவீடு

இடிமேக மின்னழுத்த அளவீடு என்பது, இடிமேகத்தின் மேற்பகுதிக்கும் அடிப்பகுதிக்கும் இடையே நிலவும் மின்னழுத்த வேறுபாட்டைக் கணிப்பதாகும். வலிய மின்புலத்தால் காற்று தன் மின்கடத்தாத் தன்மையை இழந்து பிளாசுமாவாக மாறும் மின்முறிவே மின்னல் ஆகும். உதகமண்டலத்திலுள்ள கிரேப்ஸ்-3 ஆய்வகம், 2014 டிசம்பர் 1 அன்று கடந்து சென்ற ஓர் இடிமேகத்தில் ஏறத்தாழ 130 கோடி வோல்ட் (1.3 கிகாவோல்ட்) மின்னழுத்தம் நிலவியதைக் கண்டறிந்தது. இம்முடிவு 2019 இல் வெளியிடப்பட்டது.

அளவிடுவதில் உள்ள இடர்கள்

இயல்பான அழுத்தத்தில் உலர்ந்த காற்று மின்முறிவு அடைய, மீட்டருக்கு ஏறத்தாழ 30 இலட்சம் வோல்ட் மின்புலம் தேவை. மேகங்களுக்குள் அளக்கப்பட்ட மின்புலங்கள் இதைவிடப் பல மடங்கு குறைவானவை. எனவே மின்னல் எவ்வாறு தொடங்குகிறது என்பது இன்னும் முழுமையாக விளக்கப்படவில்லை.

வாயுவினுள் வைக்கப்படும் கருவி, தான் அளக்கவேண்டிய மின்புலத்தையே மாற்றிவிடும். ஆய்வுக்கூடங்களில், மின்புலத்தால் நிறமாலைக் கோடுகள் பிளவுபடும் ஸ்டார்க் விளைவைக் கொண்டு, வாயுவைத் தொடாமலே அளக்கலாம். பல கிலோமீட்டர் அகன்ற மேகத்திற்கு இம்முறை ஏற்றதன்று. பலூன்களோ மேகத்தின் ஒரு பாதையை மட்டுமே அளக்கின்றன.

மியூயான் முறை

அண்டக்கதிர்கள் வளிமண்டலத்தில் மோதும்போது மியூயான் என்னும் மின்னூட்டத் துகள்கள் தோன்றுகின்றன. மேகத்தைக் கடக்கையில் நேர், எதிர் மியூயான்களுள் ஒருவகை ஆற்றல் பெறும், மற்றது இழக்கும். நேர் மியூயான்கள் சற்று மிகுதியாதலால் இவை ஒன்றையொன்று முழுமையாக ஈடுசெய்வதில்லை. ஆகவே தரையை அடையும் மியூயான்களின் எண்ணிக்கை மாறுகிறது.

டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கிரேப்ஸ்-3 ஆய்வகம் கடல்மட்டத்திலிருந்து 2200 மீட்டர் உயரத்தில் உள்ளது. அதன் மியூயான் தொலைநோக்கி 560 சதுர மீட்டர் பரப்பும், வாயு நிரப்பிய 3712 எண்ணிக் குழாய்களும் கொண்டது. இக்குழாய்களும் வாயுவில் நிகழும் கட்டுப்படுத்தப்பட்ட எலக்ட்ரான் பெருக்கத்தாலேயே இயங்குகின்றன.

2014 நிகழ்வு

அன்று 18 நிமிடங்களுக்கு மியூயான்களின் எண்ணிக்கை சுமார் 2 விழுக்காடு குறைந்தது. தரையில் அமைந்த மின்புல அளவிகள் மேகத்தின் நகர்வைப் பதிவுசெய்தன; அதன் வேகம் மணிக்கு ஏறத்தாழ 60 கிலோமீட்டர். இக்குறைவைக் கணினிப் போன்மங்களுடன் ஒப்பிட்டு மின்னழுத்தம் கணிக்கப்பட்டது.

முக்கியத்துவம்

மேகங்களில் 100 கோடி வோல்ட் அளவு மின்னழுத்தம் உருவாகலாம் என 1929 இல் சி. டி. ஆர். வில்சன் கணித்திருந்தார். இவ்வளவீட்டுக்கு முன்பு பலூன்களால் அளக்கப்பட்ட உயர்ந்த மதிப்பு சுமார் 13 கோடி வோல்ட் மட்டுமே. இடிமேகங்களிலிருந்து எழும் உயராற்றல் காமாக் கதிர் வெடிப்புகளை விளக்கவும் இவ்வளவீடு துணைபுரிகிறது. எனினும், இம்முறை மேகம் முழுவதற்குமான மின்னழுத்தத்தையே தருகிறது. மின்முறிவு தொடங்கும் புள்ளியின் மின்புலத்தைத் தருவதில்லை.