அறுவையின் றகரம்

கத்திகொண்டு நோய் நீக்கும் மருத்துவத்துக்குத் தமிழில் வேராக நிற்கும் வினை ‘அறு’. கதிருக்கும் கயிற்றுக்கும் கட்டிக்கும் அது பொது. பற்றும் பிறவியும் ஒழிவதைச் சொல்லவும் அதுவே வந்து நிற்கும்.

இத்துணைப் பழகிய சொல்லை ‘அருவை’ என இடையின ரகரமிட்டு எழுதும் வழக்கம் பெருகிவிட்டது. திருவண்ணாமலை உள்ளிட்ட வடமாவட்டப் பேச்சில் ரகர றகர ஒலிவேறுபாடு மங்கிப்போனது அதற்கு முதற்காரணம். வெட்டுதலைக் குறிக்கும் ‘அரி’ என்னும் மற்றொரு வினையும் குழப்பத்தைக் கூட்டுகிறது. அரிவாள் ரகரம் பெறும். அந்த அரிவாளால் நிகழும் அறுவடை றகரம் பெறும். ‘அருத்துதல்’ என்பதோ உண்பித்தல். மருத்துவர் நோயாளியை அருத்தினார் என்று எழுதினால் கத்தி கரண்டியாகிவிடும்! ஐயம் எழுந்தால் ‘அற்றது’ என்று சொல்லிப் பார்த்தால் போதும். தமிழில் ரகரம் இரட்டிப்பதில்லை.

‘அறுவை’ என்னும் பெயர்ச்சொல்லின் வரலாறு இன்னும் சுவையானது. சங்ககாலத்தில் அதற்குப் பொருள் ஆடை, தறியினின்று அறுக்கப்பட்டது. மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் துணி விற்ற புலவரேயன்றி மருத்துவர் அல்லர். போர்ப்புண்ணை நெடிய ஊசியால் தைத்த செய்தி பதிற்றுப்பத்தில் உண்டு. வாளால் அறுத்துச் சுட்டாலும் மருத்துவனிடம் அன்பு நீங்காத நோயாளனைக் குலசேகராழ்வார் பெருமாள் திருமொழியில் உவமையாக்கினார். வினை மருத்துவப் பொருளில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே வழங்கியதற்கு அது சான்று. ஆயினும், யாழ்ப்பாணத்து மானிப்பாயில் தமிழில் மருத்துவம் கற்பித்த சாமுவேல் கிரீன் 1867-இல் வெளியிட்ட நூலுக்கு ‘இரண வைத்தியம்’ என்றே பெயரிட்டார். ஈழத்தில் இன்றும் ‘சத்திரசிகிச்சை’ என்பதே வழக்கு. தமிழகத்தில் ‘அறுவை’ நிலைபெற்றது பிற்காலத்தில். சலிப்பூட்டும் பேச்சுக்கும் அப்பெயரைச் சூட்டியது இளைஞர் குறும்பு.

திருவண்ணாமலைக்கு இவ்வினை வெறும் இலக்கணச் செய்தியன்று. இரமண மகரிஷியின் இடக்கையில் தோன்றிய சிறு கட்டி 1949 பிப்ரவரியில் அறுத்தெடுக்கப்பட்டது, மீண்டும் முளைத்தது. சார்க்கோமா என்னும் புற்று அது. டிசம்பருக்குள் நான்கு முறை அறுத்தும் நோய் அறவில்லை. கையையே நீக்கலாம் என்ற மருத்துவர் யோசனையை அவர் ஏற்கவில்லை. 1950 ஏப்ரல் 14 இரவு ஆசிரமத்திலேயே அவர் மூச்சு அடங்கியது.