நம்பர் பொருந்தாத டுக்காட்டி

வீட்டுக்காரக் கிழவர் செத்து நாலு மாதம் கழித்து அவருடைய மகள் வந்து கராஜைத் திறந்தார். "அப்பா இதை உனக்குத்தான் எழுதி வைத்திருக்கிறார்" என்றார். படங்குக்குள் ஒரு மோட்டார் சைக்கிள். பெற்றோல் தாங்கியில் டுக்காட்டி என்ற எழுத்து பாதி அழிந்திருந்தது. பிரிட்ஜ்வாட்டரில் அவர் வீட்டு நிலக்கீழ் அறையில் ஒன்பது வருடம் வாடகைக்கு இருந்திருக்கிறேன், ஒருநாளும் அவர் அதைத் தொட்டு நான் கண்டதில்லை.

ஏன் எனக்கு என்று யோசித்தால் ஒரு காரணம்தான் தெரிகிறது. 1990இல் பொருளாதாரத் தடை வந்தபிறகு யாழ்ப்பாணத்தில் அப்பாவின் ஹொண்டா 90 மண்ணெண்ணெயில் ஓடின கதையை ஒரு பனிநாளில் அவருக்குச் சொல்லியிருந்தேன். நாலு துளி பெற்றோல் விட்டு உதைத்து, சூடு ஏறினதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. அந்தப் பெற்றோல் போத்தலைப் பிடிப்பது என் வேலை. கிழவர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு இரண்டு தரம் திருப்பிச் சொல்லச் சொன்னார்.

பத்திரத்தில் 1966, டுக்காட்டி 250 ஸ்கிராம்ப்ளர் என்று இருந்தது. பழைய வண்டி வாங்கி விற்கும் ஒருவரைக் கூட்டி வந்து காட்டினேன். ரோர்ச் அடித்து இரண்டு நம்பரையும் பார்த்தார். எஞ்சின் நம்பர் வேறு, செசி நம்பர் வேறு. "இரண்டு வண்டியை வெட்டி ஒட்டினது. களவு வண்டியாகவும் இருக்கலாம். சாமான் விலைக்குத்தான் போகும்" என்று ஒரு விலை சொன்னார். நான் சமைக்கும் கடையில் இரண்டு கிழமைச் சம்பளம்.

எனக்கு வண்டியைவிட அந்தப் பேச்சுத்தான் சுட்டது. பிறப்புச் சாட்சிப் பத்திரத்தில் ஒரு திகதி, அடையாள அட்டையில் வேறு திகதி என்று ஒரு மேசைக்கு முன்னால் இருந்து மணிக்கணக்காக விளக்கம் சொன்னவன் நான். கிராமத்துப் பதிவுகாரர் பிந்தி எழுதினார் என்றால் யார் நம்புவது?

விசயம் என்னவென்றால், அந்தக் காலத்து ஒற்றைச் சிலிண்டர் டுக்காட்டிகளில் இரண்டு நம்பரும் பொருந்தவே பொருந்தாது. பொலோஞாவில் போர்கோ பனிகாலே தொழிற்சாலையில் எஞ்சினுக்கும் செசிக்கும் தனித்தனி வரிசையில் நம்பர் குத்தினார்கள். பொருந்தியிருந்தால்தான் சந்தேகப்படவேண்டும்! வண்டியைக் கண்டுபிடிக்க வேறு அடையாளங்கள் இருக்கின்றன. எஞ்சினில் டி.எம்.250 என்ற எழுத்து. ஐந்து கியர். எஞ்சினைச் செசியோடு பூட்டும் பின்பக்கத் தாங்கி ஒடுக்கமாக இருந்தால் 1968க்கு முந்தின வகை, அகலமாக இருந்தால் அதற்குப் பிந்தினது. என்னுடையது ஒடுக்கம். பத்திரம் பொய் சொல்லவில்லை.

இன்னொன்றும் தெரிய வந்தது. இந்த ஸ்கிராம்ப்ளர் இத்தாலியில் செய்யப்பட்டாலும் அது பிறந்த காரணம் இங்கே, எங்கள் நியூ ஜெர்சியில்தான். ஹாஸ்ப்ரூக் ஹைற்ஸில் பெர்லினர் சகோதரர்கள், ஜோசப்பும் மைக்கேலும், டுக்காட்டியை அமெரிக்காவுக்கு இறக்குமதி செய்தார்கள். போரைத் தப்பி வந்த ஹங்கேரி நாட்டு யூதர்கள். மண்பாதையிலும் ரோட்டிலும் ஓடக்கூடிய வண்டி வேண்டும் என்று அவர்கள் கேட்டதால்தான் 1962இல் ஸ்கிராம்ப்ளர் வந்தது. எஞ்சின் ஃபாபியோ தாலியோனி என்ற மேதையின் வேலை. அமெரிக்கப் பொலிஸுக்கென்று 1964இல் அப்போலோ என்ற நாலு சிலிண்டர் ராட்சத வண்டியையும் அவரைக்கொண்டு செய்வித்தார்கள். அதன் வலுவை அன்றைய ரயர்கள் தாங்கவில்லை, திட்டம் அதோடு சரி. பெர்லினர் கம்பனியும் 1980களில் மூடப்பட்டது. 2015இல் டுக்காட்டி ஸ்கிராம்ப்ளர் என்ற பெயரில் புதிதாக ஒன்றை விற்கத் தொடங்கியபோது பெர்லினரை எத்தனை பேர் நினைத்தார்களோ.

திருத்த வேலை பதினாலு மாதம். கடை மூடும் திங்கட்கிழமைகளில் மட்டும். இந்த எஞ்சினில் ஒயில் வடிகட்டி என்று இருப்பது ஒரு கம்பிவலை. மிச்ச அழுக்கெல்லாம் கிராங்க் தண்டுக்குள் இருக்கும் ஒரு குழியில் போய் அடையும். அதைக் கழற்றித் துப்புரவாக்காமல் ஓட்டினால் எஞ்சின் போச்சு. உள்ளே களி மாதிரிக் கறுப்பாக இறுகிக் கிடந்தது. வலது பக்கத்தால் மேலே ஏறும் தண்டின் பல்லுச் சக்கரங்களுக்கு இடையில் மெல்லிய தகட்டு வளையங்களை மாற்றி மாற்றி வைத்து இடைவெளி சரிபார்க்கவேண்டும். ஒரு மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்கு பிழைத்தாலும் கத்தும். பாதியில் விட்ட பொறியியல் படிப்பு இதற்காவது உதவியது.

தாங்கிக்கு மட்டும் புதுப் பெயின்ற் அடிக்கவில்லை. கிழவர் தூரிகையால் பூசின பச்சை அப்படியே இருக்கிறது. விலை குறையும் என்கிறார்கள். குறையட்டும், நான் விற்கப் போவதில்லை.

இதில் உதைக்கும் கம்பி இடது பக்கம். கியர் வலது பக்கம். முதல்நாள் பழக்கதோசத்தில் வலது காலைத் தூக்கிக்கொண்டு நின்றேன். ஒன்பதாவது உதையில் பிடித்தது. கிழவரின் மகள் வாசலில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதார், நான் எஞ்சினை நிற்பாட்டவில்லை.

பதிவு முடிந்து தகடு வந்ததும் இங்கே பாலாஜி கோயில் வரைக்கும் ஓட்டுவதாக இருக்கிறேன். இரண்டு தேசிக்காய் வாங்கி வைத்தாயிற்று.